போறாரா, வர்றாரா? தி லைமி படத்தைப் பத்தி கொஞ்சம் நீளமா

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஃப்ரெண்டு ஒருத்தன் ரூமுக்கு வந்திருந்தான். நல்ல ரிவெஞ்ச் படமா போடுடான்னான், நானும் ரொம்ப நாளா யாரையாச்சும் பக்கத்துல உட்கார வச்சுப் பாக்கணும்னு நெனச்சிட்டிருந்த தி லைமிய போட்டேன். 25 நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்திட்டான். "டேய், இந்தாளு இப்ப ப்ளேன்ல போறாரா வர்றாரா? இப்பதான லாட்ஜ்ல கட்டில்ல உட்கார்ந்து சிகரெட் பிடிச்சிட்டிருந்தாரு?"

நியாயமான கேள்விதான். நான் இந்தப் படத்தை மொத தடவை பாத்தப்ப எனக்கும் தலையும் புரியல வாலும் புரியல. ஸ்டைல் இருக்கு, கலர் இருக்கு, மியூசிக் இருக்கு, ஆனா கதை எங்க ஆரம்பிச்சு எங்க போகுதுன்னே பிடிபடலன்னு சொல்லி மூடி வச்சிட்டேன். அப்புறம் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒரு நாள் திரும்பப் பாத்தேன், அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. ஏன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன். படத்தோட முடிவு உட்பட எல்லாத்தையும் சொல்லப்போறேன், அதனால பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க, ஒன்றரை மணி நேரம்தான் படம்.

1999ல வந்த படம். ஸ்டீவன் சோடர்பெர்க் டைரக்ஷன், லெம் டாப்ஸ் எழுதினது. லைமின்னா அமெரிக்காக்காரங்க இங்கிலீஷ்காரனைக் கூப்பிடுற ஒரு பட்டப்பேரு, அந்தக் காலத்துல பிரிட்டிஷ் கப்பல்ல மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய் வராம இருக்க எலுமிச்சை ஜூஸ் கொடுப்பாங்களாம், அதுலேர்ந்து வந்தது. கதையை நேரா வச்சுப் பாத்தா ரெண்டு வரிதான். லண்டன்ல 9 வருஷம் ஜெயில்ல இருந்துட்டு வெளிய வர்ற வில்சன்னு ஒரு வயசான திருடன், தன் பொண்ணு ஜென்னி லாஸ் ஏஞ்சலஸ்ல கார் ஆக்சிடென்ட்ல செத்துட்டாள்னு ஒரு பேப்பர் கட்டிங் தபால்ல வந்ததைப் பாத்துட்டு, அது ஆக்சிடென்ட் இல்லன்னு முடிவு பண்ணி அமெரிக்காவுக்குக் கிளம்பி வர்றாரு. அந்தப் பொண்ணு கூட இருந்தவன் டெரி வேலன்டைன்னு ஒரு பணக்கார மியூசிக் ப்ரொட்யூசர், அறுபதுகள்ல பேரு சம்பாதிச்சு அதை வச்சே இன்னிக்கு வரைக்கும் ஓட்டுறவன், இப்ப பணமுடை வந்து ஹெராயின் விக்கிறவங்களோட கைகோத்திருக்கான். பழி, போதைமருந்து, துப்பாக்கி, மலைமேல கண்ணாடி வீடு, எல்லாம் இருக்கு. இதை வேற யாராச்சும் எடுத்திருந்தா ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவில ஓடுற படமா போயிருக்கும்.

இவங்க அதை அப்படியே எடுத்துட்டு எடிட்டிங் டேபிள்ல துண்டு துண்டா வெட்டிப் போட்டிருக்காங்க. எடிட்டர் சாரா ஃப்ளாக். வில்சன் எலெய்ன்னு ஒரு அம்மாகிட்ட பேசுவாரு, அவங்க ஜென்னிக்கு நடிப்பு சொல்லிக்கொடுத்தவங்க, ஜென்னிக்கு நெருக்கமா இருந்தவங்க. அந்தப் பேச்சு ஒரே பேச்சுதான், ஆனா ஒரு வரி வீட்டுக்குள்ள, அடுத்த வரி ஹோட்டல் டேபிள்ல, அதுக்கடுத்த வரி கடல் பக்கத்துல நடந்துக்கிட்டே, திரும்ப வீடு. நடுவுல சில ஷாட்ல குரல் மட்டும் வரும், ரெண்டு பேரும் வாயே திறக்காம ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு இருப்பாங்க. சவுண்டு சிங்க் போயிருச்சோன்னு நெட்டைக்கூட ஒரு தடவை செக் பண்ணினேன். இதுக்கு நடுவுல நடுவுல ப்ளேன் சீட்ல வில்சன் தனியா எங்கேயோ வெறிச்சுப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கிற ஷாட் ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும். படம் ஆரம்பிக்கிறதே கறுப்புத் திரையில அவர் குரல்தான், ஜென்னியைப் பத்திச் சொல்லுன்னு கேக்குறாரு. யாரைக் கேக்குறாரு, எப்ப கேக்குறாரு, ஒண்ணும் தெரியாது.

ரெண்டாவது தடவை பாத்தப்ப எனக்கு எங்க மாமா ஞாபகம் வந்துச்சு. அம்மாவோட அண்ணன். மஸ்கட்ல ஏசி மெக்கானிக்கா 14 வருஷம் இருந்தாரு. காலேஜ் ரெண்டாவது வருஷம் படிச்சிட்டு இருந்த அவர் பொண்ணு காய்ச்சல்னு படுத்து ஆறாவது நாள் போயிருச்சு. ராத்திரி போன் போயி, மறுநாள் ஃப்ளைட் பிடிச்சு திருச்சி வந்து இறங்கினாரு. இந்த விஷயத்தை மாமா என்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு, ஒரு தடவைகூட மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வரிசையா சொன்னதில்ல. எப்பவும் ப்ளேன்லதான் ஆரம்பிப்பாரு. "பக்கத்து சீட்ல ஒரு சின்னப் பையன் மாப்ள, மொத தடவை ஊருக்குப் போறான் போல, பெல்ட்டு மாட்டத் தெரியல, நான்தான் மாட்டிவிட்டேன்." அவ்ளோதான், அடுத்த வார்த்தை அந்தப் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ்ல சிலேட்டை உடைச்சிட்டு வந்த கதைக்குப் போயிரும், அதுலேர்ந்து பெட்டிக்குள்ள அதுக்குன்னு வாங்கி வச்சிருந்த வாட்ச், ஏர்போர்ட்ல பெட்டி வர்ற பெல்ட்டுகிட்ட அவர் நின்னது, யாரோ வந்து தோள்ல கை வச்சது, திரும்ப அந்தப் பையன். "பெல்ட்டு மாட்டத் தெரியல மாப்ள அவனுக்கு." எங்க அத்தை சில சமயம் பொறுக்க முடியாம, ஏங்க சொன்னதையே சொல்றீங்கன்னு எந்திரிச்சு உள்ள போயிருவாங்க. எனக்குச் சின்ன வயசு அப்ப, மாமாவுக்குக் கொஞ்சம் மனசு சரியில்லன்னுதான் நெனச்சேன்.

அந்த ப்ளேன் ஷாட்டுகளை ரெண்டாவது தடவை பாக்குறப்ப எனக்கு உறைச்சது இதுதான். வில்சன் அமெரிக்காவுக்குப் போகல, திரும்பி வந்துட்டு இருக்காரு. எல்லாம் முடிஞ்சிருச்சு. முடிஞ்சதுக்கப்புறம் சீட்ல உட்கார்ந்து நடந்ததையெல்லாம் மனசுக்குள்ள புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு இருக்காரு, அந்தப் புரட்டல்தான் நாம பாக்குற படம். அதனாலதான் எலெய்ன் பேசின ஒரு வரி மூணு இடத்துல கேக்குது, எங்க வச்சுச் சொன்னாங்கன்னு அவருக்கே கலங்கியிருக்கு, சொன்ன வார்த்தை மட்டும் நிக்குது. குழப்பமா எடுத்துட்டாங்கன்னு சொல்றவங்ககிட்ட நான் சண்டைக்கே போவேன், துக்கத்துல இருக்கிற ஒரு மனுசன் மண்டைக்குள்ள உட்கார்ந்து பாத்தா வேற எப்படிங்க தெரியும்?

ஸ்டைலுன்னு சொல்றாங்களே, அதுக்கும் ஒரு சீனைக் கிட்டத்துல வச்சுப் பாக்கணும். பொண்ணைப் பத்தி விசாரிக்க வில்சன் ஒரு குடோனுக்குப் போறாரு, வேலன்டைனோட தொடர்புல இருக்கிற ஆளுங்க இருக்கிற இடம். உள்ள ஆபீஸ் ரூம்ல அவரை அடிச்சு, பொண்ணைப் பத்தி அசிங்கமாப் பேசி, இடுப்புல இருந்த துப்பாக்கியைப் பிடுங்கிட்டு, வெளிய தூக்கி ரோட்டுல போட்டுட்டுப் போயிடறாங்க. கேமரா வெளியவே நிக்குது. கிழவர் மெதுவா எந்திரிக்கிறாரு, ஒளிச்சு வச்சிருந்த இன்னொரு துப்பாக்கியை எடுக்குறாரு, அவசரமே இல்லாம திரும்ப உள்ள நடந்து போறாரு. கேமரா அப்பவும் பின்னாடி போகல! வெளியவே நிக்குது, நம்மளும் ரோட்டுலதான் நிக்குறோம். உள்ள வெடிச்சத்தம் மட்டும் கேக்குது. ஒரு சின்னப் பையன் உயிரைக் கையில பிடிச்சிட்டு ஓடி வர்றான். பின்னாடியே வில்சன், மூஞ்சியில ரத்தம் தெறிச்சிருக்கு, ஓடுற பையனைப் பாத்து கத்துறாரு, நான் வர்றேன்னு அவன்கிட்ட போய்ச் சொல்லு. நம்ம ஹீரோக்கள் பஞ்ச் டயலாக் பேசி எவ்வளவோ கேட்டிருக்கோம், எனக்கு அதெல்லாம் ரொம்பப் பிடிக்கும், ஆனா இந்தக் கத்தல்ல தொண்டை கிழியுற சத்தம் இருக்கு, எழவு வீட்டுல ஆம்பளைங்க கத்தி அழுறப்ப வருமே அந்தச் சத்தம். கொலையைக் காட்டியிருந்தா நாம கொலையைப் பாத்திருப்போம், காட்டாததால அந்த மூஞ்சியைப் பாக்குறோம்.

இதே மாதிரி இன்னொண்ணு, வேலன்டைன் வீட்டு பார்ட்டிக்குள்ள வில்சன் பூந்துருவாரு. அங்க அவனை நேருக்கு நேர் சுடுற மாதிரி ஒரு ஷாட் வருது, செத்தான்டான்னு நினைக்குறோம், அடுத்த செகண்டு அவன் சிரிச்சுப் பேசிட்டு நிக்குறான். திரும்ப வேற மாதிரி சுடுறாரு. திரும்ப அவன் நிக்குறான். எல்லாம் வில்சன் மனசுக்குள்ள நடக்குறது. நிஜமா ஒரு ஆளு சாகுறப்ப, வேலன்டைனோட காவலாளி ஒருத்தனை வில்சன் மலைப்பக்கம் கைப்பிடிக்கு மேல தூக்கி எறியுறப்ப, அது பின்னாடி ஜன்னல் வழியா கலங்கலா தெரியுது, முன்னாடி வேலன்டைன் பேசிட்டு இருக்கான். கற்பனையில நடந்தது பளிச்சுன்னு தெரியுது, நிஜமா நடந்தது மங்கிப் போயிருக்கு. இதை ஒரு தடவை புரிஞ்சிக்கிட்டா படம் முழுக்க கைக்கு வந்துரும்.

டெரன்ஸ் ஸ்டாம்ப் பத்திப் பேசாம முடியாது. வில்சனா நடிச்சவரு. அவரோட இளமைக்கால காட்சிகள் படத்துல வரும், கிராஃபிக்ஸும் இல்ல, வேற பையனை வச்சு எடுத்ததும் இல்ல. 1967ல கென் லோச் எடுத்த புவர் கவ்னு ஒரு பிரிட்டிஷ் படத்துல ஸ்டாம்ப் ஒரு திருடனா நடிச்சிருந்தாரு, அந்தப் படத்துத் துண்டுகளை அப்படியே எடுத்து இதுல வில்சனோட ஞாபகமா வச்சிருக்காங்க. அதே மனுசன், 30 வருஷத்துக்கு முன்னாடி, கருகருன்னு முடி, முகத்துல ஒரு கோடு இல்ல. 60 வயசு மூஞ்சியிலேர்ந்து அந்த மூஞ்சிக்குக் கட் ஆகுறப்ப நெஞ்சை என்னமோ பண்ணும், பழைய கல்யாண ஆல்பத்துல செத்துப்போன தாத்தாவை வேட்டி சட்டையோட இளவட்டமா பாக்குற மாதிரி.

லண்டன் கிழக்குல ஸ்டெப்னியில பொறந்தவரு ஸ்டாம்ப், அப்பா இழுவைப் படகுல அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுற வேலை. 1962ல மொத பெரிய படத்துக்கே ஆஸ்கர் நாமினேஷன். அறுபதுகள் முடியுறப்ப வாய்ப்பு குறைஞ்சதும் கிளம்பி இந்தியா வந்துட்டாரு, புனே ஆசிரமத்துல இருந்தப்பதான் சூப்பர்மேன் படத்துக்குக் கூப்பிட்டு தந்தி வந்துச்சு. அதுக்கு முன்னாடியே ரோம்ல ஜே. கிருஷ்ணமூர்த்தியைச் சந்திச்சிருக்காரு, நம்ம அடையார்ல வந்து வந்து தத்துவம் பேசின அதே கிருஷ்ணமூர்த்திதான். இந்தப் படத்துல சும்மா உட்கார்ந்து வெறிச்சுப் பாக்குற ஷாட்டெல்லாம் அவ்வளவு கனமா இருக்கிறதுக்கு அந்த வருஷங்களும் ஒரு காரணம்னு நான் நம்புறேன், ப்ரூஃப் கேட்டா என்கிட்ட இல்ல. 2025 ஆகஸ்ட்ல அவர் இறந்துட்டாரு. வேலன்டைனா நடிச்ச பீட்டர் ஃபோண்டா 2019 ஆகஸ்ட்லயே போயிட்டாரு.

ஃபோண்டாவை இந்த ரோலுக்குப் போட்டதும் சும்மா இல்ல. 1969ல ஈஸி ரைடர்ல கொக்கெய்ன் வித்த காசை பைக் டேங்குல ஒளிச்சு வச்சிட்டு சுதந்திரம் தேடி ஊர் சுத்தினாரே அதே ஆளு. இங்க வேலன்டைன் பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு பல்லைப் பளபளன்னு தேய்ச்சிக்கிட்டே, பொண்ணு வயசுல இருக்கிற காதலிகிட்ட அறுபதுகளைப் பத்திச் சொல்லுவாரு, கனவு மாதிரி ஒரு இடம்னு. சொல்லிட்டு ஒரு நிமிஷம் யோசிச்சு, அது அறுபதுகள்னு இல்ல, 66ம் 67 ஆரம்பமும்தான்னு முடிப்பாரு. அவ்வளவுதான் மொத்தமே. அந்த ஒன்றரை வருஷத்தை 30 வருஷமா வித்துத் தின்னுட்டு இருக்கிற ஆளு, அதுவும் தீந்துபோனப்ப ஹெராயின் காசுல கை வச்சிருக்கான்.

போதைமருந்து விசாரிக்கிற அதிகாரி ஒருத்தர் வருவாரு, பில் ட்யூக். அவர்கிட்ட வில்சன் கிழக்கு லண்டன் பாஷையில மூச்சு விடாம ஒரு கதை சொல்லுவாரு. அந்த ஊர்ல எதுகை வச்சு ஒரு மாத்துப்பேச்சு உண்டு, மேட்டுன்னா ஃப்ரெண்டு, அதுக்கு எதுகையா சைனா ப்ளேட்டுன்னு வச்சிட்டு அப்புறம் ப்ளேட்டையும் விட்டுட்டு வெறும் சைனான்னு சொல்லுவாங்க, இப்படி வார்த்தைக்கு வார்த்தை. எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு அந்த அதிகாரி, நீ பேசினதுல ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியலன்னுவாரு. அப்பவும் அவருக்கு மனுசனைப் புரிஞ்சிருச்சு, பொண்ணைப் பறிகொடுத்தவன் எதுக்கு வந்திருக்கான்னு தெரிஞ்சுதான் அவரைப் போக விடுறாரு.

குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். போதைமருந்து பக்கம் ரொம்ப மெலிசா இருக்கு. யார் சரக்கு, யார் காசு, வேலன்டைன் இதுல எவ்வளவு தூரம் மாட்டியிருக்கான், இதெல்லாம் வாயால ரெண்டு வரி சொல்லிட்டுப் போயிடறாங்க. வேலன்டைனோட கையாள் ஏவரி ஒரு கூலிக்கொலைகாரனை செட் பண்ணுவான், அப்புறம் அந்தக் கூலிக்காரன் பணத்தை அடிக்கலாம்னு கடைசி சண்டையில தனியா பூந்து குழப்புவான், அந்த பதினஞ்சு நிமிஷம் யாரு யாரைச் சுடுறாங்கன்னு எனக்கு இன்னிக்கும் ஒரு தடவைல சொல்ல வராது. இதுக்கும் துக்கத்துக்கும் சம்பந்தமில்ல, இது நிஜமாவே எழுத்துல விட்ட ஓட்டைதான். எழுதினவரு கேட்டா ஒத்துக்க மாட்டாரு. டிவிடில டைரக்டரும் ரைட்டரும் சேர்ந்து படத்தைப் பத்திப் பேசுற ஒரு ஆடியோ உண்டு, அதுல லெம் டாப்ஸ் நான் எழுதினதையெல்லாம் வெட்டிட்டீங்கன்னு டைரக்டர் மூஞ்சிக்கு நேராவே சண்டை போடுறாரு. பாவம், அவர் பக்கமும் நியாயம் இருக்கு. கதாபாத்திரங்களோட பழைய கதையெல்லாம் இருந்திருந்தா போதைமருந்து பக்கம் கொஞ்சம் தேறியிருக்கும். ஆனா அந்தக் கதையெல்லாம் உள்ள வந்திருந்தா வில்சன் அந்த சீட்ல இவ்வளவு தனியா இருந்திருப்பாரான்னு எனக்குத் தெரியல.

இப்ப அந்த போன்.

படத்துல இடையில ஒரு தடவை வில்சன் சொல்லுவாரு, ஜென்னி சின்னப் புள்ளையா இருக்கிறப்ப, அப்பா திருடப் போறாருன்னு தெரிஞ்சா போன் ரிசீவரைக் கையில எடுத்து வச்சிட்டு, போலீசுக்குச் சொல்லிடுவேன்னு மிரட்டுமாம். நம்ம வீட்டுலயும் புள்ளைங்க சொல்லும்ல, இரு அம்மாகிட்ட சொல்லிடுறேன்னு. சொல்லாது. போகாத, வீட்டுல இருன்னு சொல்லத் தெரியாம சொல்லிடுவேன்னு சொல்லும். இதை வில்சன் சாதாரணமா சொல்லிட்டுப் போயிடுவாரு, ரிசீவரோட ஒரு சின்னப் பொண்ணு முகம் ஒரு செகண்டு வந்து போகும், நாமளும் மறந்துடுவோம்.

கடைசியில பிக் சர் கடற்கரை. வேலன்டைன் ஓடி வந்து பாறையில விழுந்து கணுக்கால் உடைஞ்சு கெடக்குறான், வில்சன் மேல நிக்குறாரு. ஜென்னியைப் பத்திச் சொல்லுன்னு கேக்குறாரு. ஆமா, படத்தோட மொத வரி, இங்கதான் வருது. வேலன்டைன் அழுதுட்டே சொல்லுறான். அவன் போதைமருந்துக்காரங்களோட சேந்தது தெரிஞ்சதும் அவ போனைக் கையில எடுத்து போலீசுக்குச் சொல்லிடுவேன்னு சொன்னாளாம், இவன் பயந்து அவளைத் தடுக்கப் போயி கழுத்து முறிஞ்சு செத்துட்டா, அதுக்கப்புறம் ஏவரி காரோட மலைரோட்டுல உருட்டிவிட்டு ஆக்சிடென்ட் ஆக்கிட்டான்.

வில்சன் மூஞ்சியைப் பாருங்க அந்த இடத்துல. உலகத்துலேயே அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும், அவ அந்த நம்பரை டயல் பண்ணியிருக்கவே மாட்டாள்னு. அப்பாவை நிறுத்துறதுக்கு அவ கத்துக்கிட்ட ஒரே வழி அது, அதையேதான் தான் நேசிச்ச இன்னொரு ஆளுகிட்டயும் பண்ணியிருக்கா, அந்த ஆளுக்கு அவளைத் தெரியல. அவ அதைக் கத்துக்கிட்டது யாரால? திருடப் போய்க்கிட்டே இருந்த அப்பாவால. சுட வந்த துப்பாக்கியோட அந்தாளு திரும்பி நடந்து போயிடறாரு. சுட்டா யாரைச் சுடுறது?

நேரா சொல்லியிருந்தா இந்த போன் விஷயம் ஒரு ட்விஸ்ட்டா முடிஞ்சிருக்கும், ஓஹோ அப்படியான்னு எந்திரிச்சுப் போயிருப்போம். ஆனா படம் பூரா அந்த ரிசீவர் முகம் அங்கங்க வந்து வந்து போயிருக்கு, எங்க மாமாவுக்கு அந்த சீட் பெல்ட்டு வர்ற மாதிரி, ஏன் வருதுன்னு நமக்குத் தெரியாம.

அப்புறம் திரும்ப ப்ளேன். அப்புறம் அந்தப் பழைய படத்துலேர்ந்து ஒரு துண்டு, இளவயசு ஸ்டாம்ப் கிடாரை வச்சிட்டு மெல்லிசா ஒரு பாட்டுப் பாடுறாரு, படம் முடிஞ்சிருது.

அன்னைக்கு ஃப்ரெண்டு திட்டிக்கிட்டேதான் மிச்சத்தைப் பாத்தான். ரெண்டு தடவை போனை எடுத்துப் பாத்தான், அந்த குடோன் சீனுக்கு அப்புறம் கீழ வச்சிட்டான். முடிஞ்சதும் லைட்டைப் போடப் போனேன், இரு போடாதன்னான். கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டான்.

"அந்தப் பொண்ணு நிஜமா போலீசுக்குப் போன் பண்ணியிருக்காதுல்ல?"

"பண்ணியிருக்காதுடா."